ஊசிக் காடும் தைலத் தோப்பும்

போன பங்குனியில் ஒரு நாள் காலை என் தம்பி மகன் வீட்டுக்கு வந்தான். வையம்பட்டியிலிருந்து நாலு மைல் தள்ளி அவனுக்கு மூன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் கடலையும் சோளமும் போட்ட நிலம். ஆள் கிடைக்காமல், மழையும் நம்ப முடியாமல், பதினைந்து வருடத்துக்கு முன்னால் எல்லோரையும் போல அவனும் தைல மரம் வைத்தான்.

"பெரியப்பா, மூணாவது வெட்டும் முடிஞ்சுது. இனிமே மறுதாம்பு எடுத்தா எடை நிக்காதுங்கிறாங்க. வேரோட பிடுங்கிடலாம்னு இருக்கேன். மறுபடியும் தைலமே வைக்காம கலப்பா ஏதாவது வைக்கணும். என்ன மரம் வைக்கலாம், சொல்லுங்க."

முப்பத்து மூன்று வருடம் சரித்திரப் பாடம் எடுத்தவனிடம் மரத்தைப் பற்றிக் கேட்டால் மரத்தின் சரித்திரம்தான் வரும். அவன் காபி குடித்து முடிப்பதற்குள் நான் கொடைக்கானலுக்குப் போய்விட்டேன். "நான் கேட்டது வையம்பட்டிக்கு" என்று சிரித்தான். வையம்பட்டிக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியது. அன்று அவனிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

கொடைக்கானல் பைன் காட்டைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. பள்ளிக்கூடச் சுற்றுலாவிலோ, கல்யாணமான புதிதிலோ, பேரன் பேத்திகளோடோ ஒரு தடவையாவது போயிருப்போம். மோயர் பாயிண்ட் போகிற வழியில் வண்டியை நிறுத்துவார்கள். தூண் தூணாக மரங்கள். தரையில் மெத்தை போல ஊசி இலைகள். 1906-இல் பிரையண்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி நட்டது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நாமும் தலையை ஆட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

அடுத்த முறை போனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, காது. கூட்டத்தின் சத்தத்தைக் கழித்துவிட்டால் அங்கே பறவைச் சத்தம் மிகக் குறைவு. இரண்டாவது, கால். அந்த ஊசி மெத்தையைக் கொஞ்சம் காலால் ஒதுக்கிப் பாருங்கள். பைன் ஊசி லேசில் மக்காது. அடுக்கடுக்காகக் கிடக்கும். அதற்குள்ளிருந்து புல் எழும்புவதும் சிரமம். கோடையில் ஒரு பீடித் துண்டு போதும், பற்றிக்கொள்ளும்.

அந்த மரம் அந்த மலைக்குச் சொந்தமானதே அல்ல. தென்னிந்தியாவில் இயற்கையாகப் பைன் கிடையாது. ஊசியிலை மரங்களின் இனத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமாக இருப்பது நாகேயா என்ற ஒரே மரம்தான். வேடிக்கை என்னவென்றால் அதற்கும் இலை ஊசி மாதிரி இருக்காது, அகலமாகத்தான் இருக்கும். கொடைக்கானல் பக்கம் பெருவாரியாக வளர்த்த பாட்டுலா பைன் மெக்சிகோ மலைகளிலிருந்து வந்தது.

அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? மேல்மலை முழுக்கப் புல்வெளி. மடிப்பு மடிப்பாக இறங்கும் பள்ளங்களில், ஓடைக்கரையில், காற்றுக்கு ஒதுங்கிய இடங்களில் மட்டும் அடர்ந்த காடு. அந்தக் காட்டுக்கு நாம் சோலை என்று சொன்னோம். வெள்ளைக்காரன் அதை 'ஷோலா' என்று எழுதி வைத்தான். இன்று நம் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தில் 'ஷோலா' என்று படித்து, அது ஏதோ வெளிநாட்டுச் சொல் என்று நினைக்கிறார்கள்.

சோலைக்குள் ஒரே மரம் என்ற பேச்சே இல்லை. காட்டுச் செண்பகம், நாவல் இனத்து மரங்கள், உருத்திராட்ச இனம், லவங்கப்பட்டையின் உறவுக்காரர்கள், ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு என்று எல்லாமே அகன்ற இலை மரங்கள். குட்டையாக, கிளை முறுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் பாசி பிடித்து நிற்கும். மரவியாபாரி கண்ணுக்கு ஒன்றுக்கும் உதவாதவை. கதை அங்கேதான் தொடங்குகிறது.

மலைக்கு வந்த வெள்ளைக்காரனுக்குக் குளிருக்கு விறகு வேண்டியிருந்தது. ஊட்டியில் சோலைகளை வெட்டி எரித்துத் தீர்த்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் நீலகிரிக்கு வந்தது 1843-இல். 1856-இலிருந்து விறகுக்காகவே அதைத் தோப்புத் தோப்பாக வளர்க்கத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் அது நல்ல காரியமாகத்தான் பட்டிருக்கும், சோலையை மிச்சப்படுத்த வேகமாக வளரும் மரம் என்று. அந்த எண்ணத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேகமாக வளரும் ஒரு மரம் கிடைத்துவிட்டால் அது ஒரு வேலையோடு நிற்காது. பிறகு தோல் பதனிட வாட்டில் என்கிற சீகை மரம் வந்தது. நம் பக்கத்தில் திண்டுக்கல்லிலும் திருச்சி செம்பட்டிலும் தோல் ஷாப்புகள் இருந்ததைப் பெரியவர்கள் அறிவீர்கள். முன்னே ஆவாரம் பட்டையில் பதம் போட்டவர்கள் பிறகு வாட்டில் பட்டைக்கு மாறினார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து அதை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது, அந்நியச் செலாவணி கையில் இல்லை. அதனால் சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசாங்கமே மலைப் புல்வெளிகளில் வாட்டிலை நட்டது. சிறுமுகை விஸ்கோஸ் ஆலை வந்ததும் மரக்கூழுக்காக இன்னும் யூகலிப்டஸ், இன்னும் வாட்டில். பைன் நட்டதற்குக் காரணம் அதன் நார் நீளமானது, காகிதத்துக்கு உறுதி கொடுக்கும் என்பது.

ஆக ஒவ்வொரு மரத்துக்கும் பின்னால் வாங்க ஓர் ஆள் நின்றான். விறகுக்காரன், தோல்காரன், நூல்காரன், காகிதக்காரன். மரத்தைத் தேர்ந்தெடுத்தது அவன்தான், காட்டிலாகா நட்டுக் கொடுத்தது.

இந்தப் பாடத்தை நம் காட்டிலாகா எங்கே படித்தது என்று பார்த்தால் ஜெர்மனிக்குப் போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் சுரங்கத்துக்கும் உலைக்கும் மரம் போதாமல் தவித்த சாக்சனி நாட்டில் காட்டைக் கணக்குப் போட்டு வளர்க்கும் சாத்திரம் பிறந்தது. எல்லா மரமும் ஒரே இனம், ஒரே வயது, ஒரே வரிசை என்றால் எத்தனை கன அடி கிடைக்கும் என்று மேஜையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். ஸ்புரூஸும் பைனும் அந்தக் கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்தின. பீச், ஓக் போன்ற அகன்ற இலை மரங்கள் ஒதுக்கப்பட்டன. இந்தியாவின் முதல் காடுகள் தலைமை அதிகாரியாக 1864-இல் பதவியேற்ற பிராண்டிஸ் ஜெர்மானியர். 1882-இல் வந்த சென்னை வனச் சட்டத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. அவரைத் தனிமர வெறியர் என்று சொல்வது நியாயமாகாது. நம் மரங்களைப் பற்றிக் கடைசிக் காலம் வரை உட்கார்ந்து எழுதியவர் அவர். ஆனால் அவரோடு வந்த கணக்கு அவரைவிட நீண்ட நாள் வாழ்ந்தது.

நாம் ஜெர்மன் கணக்கைப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்த அதே சமயத்தில் ஜெர்மனியிலேயே ஒருவர் அது தப்பு என்று எழுதினார். கார்ல் காயர், மியூனிக்கில் பேராசிரியர். 1886-இல் வந்த அவர் புத்தகத்தின் பெயரே 'கலப்புக் காடு'. ஒரே இன ஸ்புரூஸ் காட்டைக் காற்று சாய்க்கிறது, பூச்சி தின்கிறது, மண் கெடுகிறது. உள்ளே பீச்சும் மற்ற அகன்ற இலை மரங்களும் கலந்து வர வேண்டும், அதையும் ஒரேயடியாக வெட்டிவிட்டு நடாமல் பழைய மரத்தின் நிழலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவர வேண்டும் என்றார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர். நூற்றுமுப்பது வருடம் கழித்து, 2018-இலிருந்து தொடர்ந்து வந்த வறட்சியில், ஹார்ஸ் மலையின் ஸ்புரூஸ் காடுகளைப் பட்டை வண்டு தின்று, மலை மலையாக மரங்கள் சாம்பல் நிறத்தில் காய்ந்து நின்றன. இப்போது அங்கே அகன்ற இலை மரம் நடுகிறார்கள். எது நடுவது என்று நம் தம்பி மகன் மாதிரியே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இதைப் புத்தகம் படிக்காமலேயே கண்டுபிடித்தவர்கள் உண்டு. இமயமலையில் குமாவோன். அங்கே சீர் பைன் சொந்த மரம்தான். ஆனால் அதன் பிசினுக்காகவும் ரயில் கட்டைக்காகவும் அரசாங்கம் அதை மட்டும் தூக்கிப் பிடித்தது. கிராமத்துக்காரனுக்கு வேண்டியது பாஞ்ச் என்கிற ஓக். அதன் தழை மாட்டுக்குத் தீவனம், சருகு வயலுக்கு எரு, அதன் அடியில்தான் ஊற்று. 1921 கோடையில் குமாவோன் மக்கள் கோபம் தாங்காமல் காட்டுக்குத் தீ வைத்தார்கள். சரித்திர ஆசிரியர் ராமச்சந்திர குஹா இதைப் பற்றி எழுதும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறார்: எரிந்தவை பைன் காடுகள், அகன்ற இலைக் காடுகளை யாரும் தொடவில்லை. கோபத்திலும் மரம் பார்த்துத்தான் தீ வைத்திருக்கிறார்கள். பின்னால் காந்தியின் சிஷ்யை மீராபென் அந்த மலையில் ஆசிரமம் போட்டு வசித்தபோது, பாஞ்ச் குறைந்து பைன் ஏறுவதால்தான் மழைத் தண்ணீர் நிற்காமல் வெள்ளமாக ஓடுகிறது என்று எழுதினார். பிறந்தது இங்கிலாந்தில், கடற்படைத் தளபதி மகள். மலைப் பெண்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதால் அவருக்கு அது தெரிந்தது.

பழனி மலைக்கே திரும்புவோம். அங்கே நட்ட மரங்களால் நமக்கென்ன என்று வையம்பட்டிக்காரர் கேட்கலாம். தண்ணீர்தான். கொடைக்கானல் மலையின் வடக்குச் சரிவில் விழும் மழை பாலாறு, பொருந்தலாறு வழியாகப் பழனி சண்முகநதிக்கு வந்து, அமராவதியில் சேர்ந்து, கரூர் பக்கம் திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. அதாவது அம்மா மண்டபத்தில் நாம் முங்கிக் குளிக்கிற தண்ணீரில் ஒரு சொட்டாவது அந்தப் புல்வெளியிலிருந்து வந்தது.

புல்வெளியில் மரம் நட்டால் தண்ணீர் கூடும் என்றுதான் நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தோம். நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஊட்டிப் பக்கம் கிளென்மார்கனில் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடைப் படுகைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை இருந்தபடி விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேல் யூகலிப்டஸ் நட்டார்கள். பத்து வருடம் ஓடைத் தண்ணீரை அளந்து பார்த்ததில் மரம் நட்ட படுகையில் 16 விழுக்காடு குறைந்திருந்தது. மரத்தை வெட்டி மறுதாம்பு விட்டபோது இன்னும் குறைந்தது. எல்லா மரத்தையும் பற்றிய கணக்கு இல்லை இது, அந்த மலையில் அந்த மரத்தைப் பற்றிய கணக்கு. ஆனாலும் மரம் என்றாலே மழை, நிழல் என்றாலே நீர் என்று பாடம் நடத்திய எனக்கு இதைப் படித்த அன்று சங்கடமாகத்தான் இருந்தது. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று சொல்கிறார்கள்.

சரி, தப்பாக நட்டாயிற்று. இனி என்ன செய்வது? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1980களில் பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற ஆங்கிலேயத் தம்பதி கொடைக்கானல் வட்டக்கானலில் வந்து தங்கினார்கள். விதை பொறுக்கி, நாற்றங்கால் போட்டு, சோலை மரக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் வளர்த்தார்கள். பைன், வாட்டில், யூகலிப்டஸ் இவற்றை எடுத்துவிட்டு அங்கே சோலையை நடுவது என்பதுதான் ஆரம்பத்தில் இருந்த எண்ணம். ஆனால் தினமும் காட்டுக்குள் நடந்தவர்கள் ஆதலால் வேறொன்றைப் பார்த்தார்கள். அந்த வேற்று மரங்களின் அடியிலேயே, யாரும் நடாமல், சோலைக் கன்றுகள் வந்துகொண்டிருந்தன.

எப்படி வந்தன? பறவை கொண்டுவந்தது. கொண்டைக்குருவியும் குக்குறுவானும் காட்டுப் புறாவும் பக்கத்துச் சோலையில் பழம் தின்று, பைன் கிளையில் வந்து உட்கார்ந்து எச்சமிடுகின்றன. வெட்டவெளிப் புல்வெளியில் அந்த விதை விழுந்திருந்தால் முளைத்தாலும் மார்கழி உறைபனியில் கருகியிருக்கும். சோலை ஏன் புல்வெளிக்குள் ஏறி வருவதில்லை என்பதற்கு உறைபனி ஒரு பெரிய காரணம். பைன் மரம் மேலே கூரை போல நின்று அந்தப் பனியைத் தடுத்துவிட்டது. வந்தேறி மரம் தெரியாத்தனமாகச் சொந்தப் பிள்ளைக்குச் செவிலித் தாயாகிவிட்டது. ஆக, பக்கத்தில் பழைய சோலை ஒன்று உயிரோடு இருந்தால், ஓடைப் பள்ளம் இருந்தால், மேல் மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்து வெளிச்சம் விட்டாலே போதும். காயர் 1886-இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பைன் நின்ற இடமெல்லாம் சோலை நின்ற இடம் அல்ல, பெரும்பாலும் புல் நின்ற இடம். அங்கேயும் சோலை மரத்தை நட்டுக் காடாக்கினால் போன புல்வெளி போனதுதான். சோலைக் கன்று வளர்த்த அதே தம்பதி பிற்பாடு புல்லை நாற்றங்காலில் வளர்க்க ஆரம்பித்தார்கள். புல்லுக்கு நாற்றங்கால் என்று கேட்டால் நம் ஊரில் சிரிப்பார்கள். கன்று மேலே வந்துவிட்ட இடத்தில் மரத்தை விடு, இன்னும் புல் மிச்சமிருக்கிற இடத்தில் வந்தேறி மரத்தை எடு, புல்லைக் காப்பாற்று என்று இடத்துக்கு இடம் வேறு பதில். இது இன்னும் முடியாத வழக்கு. எல்லா வேற்று மரத்தையும் உடனே வெட்டு என்பவர்களும் இருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் வாட்டில் விதை ஆயிரமாயிரமாக முளைப்பதைப் பார்த்துப் பயந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். வாட்டில் விதை மண்ணுக்குள் பல வருடம் தூங்கும். தீ பட்டால் எழுந்துவிடும்.

எங்கே எந்த மரம் சொந்தம் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு ஒரு ஏடு வேண்டும் இல்லையா? அந்த ஏடு நம் திருச்சியில் இருக்கிறது. செயின்ட் ஜோசப் கல்லூரியில் ரபினாட் தாவரக் காப்பகம் என்று ஒன்று. 1967-இல் தொடங்கியது. செடியின் கிளையைப் பறித்து, அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, எந்த ஊர், எந்த உயரம், என்ன தேதி என்று எழுதி வைத்த தாள்கள் அங்கே அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அதை உருவாக்கியவர் கே.எம். மாத்யூ என்ற ஏசு சபைப் பாதிரியார். தமிழகச் சமவெளித் தாவரங்களுக்கு 1980களில் பெரிய பெரிய தொகுதிகள் போட்டார். 1999-இல் பழனி மலைத் தாவரங்களுக்கு மூன்று பாகங்கள். அவருக்கு முன்னால் கொடைக்கானல் செண்பகனூரில் ஆங்லேட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் மலைச் செடிகளைப் பொறுமையாக வண்ணத்தில் வரைந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். செண்பகனூர் என்ற பெயரிலேயே ஒரு சோலை மரம் நிற்கிறது, கவனித்தீர்களா?

நான் அதே கல்லூரியில்தான் சரித்திரம் படித்தேன். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அந்தக் காப்பகத்தின் படி ஏறியதில்லை. கல்வெட்டும் ஓலையும்தான் ஆவணம் என்று நினைத்திருந்த வயது. காய்ந்த இலையும் ஆவணம்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்காகவும் தோன்றவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். தம்பி மகன் நிலத்தில் தைல மரம் எப்படி வந்தது என்பதும் இதே கதையின் தொடர்ச்சிதான். தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974-இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் நம் திருச்சி. புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் காடுகளில் தைலமும் முந்திரியும் அப்படிப் பரவின. 1981-இலிருந்து சுவீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடுகள் திட்டம் வந்தது, ஏரி குளங்களில் கருவேலம். அதுவும் ஒரே மரம்தான், ஆனாலும் கொக்கும் நாரையும் கூடு கட்ட அது உதவியது, விறகும் கிடைத்தது. பிறகு 1988-இல் வந்த தேசிய வனக் கொள்கை, ஆலைகளுக்கு வேண்டிய மரத்தை இயற்கைக் காட்டிலிருந்து எடுக்காதே, உழவரோடு ஒப்பந்தம் போட்டு அவர் நிலத்தில் வளர்த்துக்கொள் என்றது. காட்டுக்கு நல்ல கொள்கை. ஆனால் காட்டை விட்டு இறங்கிய மரம் எங்கே போகும்? நம் கடலைக் காட்டுக்கு வந்தது. 2016-இல் மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் காகித ஆலையின் அட்டைப் பிரிவு வந்தது. வருடத்துக்கு இரண்டு லட்சம் டன் அட்டை. மரத்துக்கு வீட்டு வாசலிலேயே சந்தை. இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பணத்தில்தான் தம்பி மகன் மகளைப் படிக்க வைத்தான்.

ஒரு சந்தேகம் வரலாம். ஊசியிலை கெட்டது, அகன்ற இலை நல்லது என்றால் தைல மரம் எந்தக் கட்சி? தாவரக்காரர்கள் கணக்கில் தைல மரமும் அகன்ற இலை இனத்தில்தான் சேரும். ஆகவே இலையின் அகலத்தில் ஒன்றுமில்லை. தைல மரத்தின் காயைத் தின்ன நம் பக்கத்துப் பறவை எதுவும் வருவதில்லை, இலையை ஆடும் கடிப்பதில்லை. விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

நமக்குச் சோலை கிடையாது. ஆனால் நமக்கும் ஒரு பழைய காடு உண்டு. வையம்பட்டியிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற மலைகள். செம்மலைக்கும் பெருமாள் மலைக்கும் நடுவே பொன்னணியாறு அணை. அதைத் தாண்டிக் கடவூர், தெற்கே அய்யலூர். உசில், வெள்வேலம், கள்ளி, இலந்தை என்று முள்ளும் புதருமாகக் கிடக்கிற காடு. சுற்றுலாக்காரர் யாரும் போட்டோ எடுக்க வரமாட்டார்கள். ஆனால் அங்கேதான் தேவாங்கு இருக்கிறது. 2022 அக்டோபரில் தமிழக அரசு கடவூர், அய்யலூர்க் காடுகளைச் சேர்த்து 11,806 ஹெக்டேரில் தேவாங்கு சரணாலயம் அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது. சிறு வயதில் குடுகுடுப்பைக்காரரும் ஜோசியக்காரரும் கையில் வைத்துக்கொண்டு வரும் பெரிய கண் பிராணியாகத்தான் அதை நமக்குத் தெரியும். இரவில் நடமாடும், பூச்சி தின்னும், தரையில் இறங்கப் பயப்படும். கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு வழி. வரிசை வரிசையாக, ஆறாவது வருடம் மொட்டையடிக்கப்படும் தைலத் தோப்பு அதற்கு ஆறு மாதிரி. தாண்ட முடியாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "வா, நிலத்தைப் பார்ப்போம்" என்று அவனோடு மொபெட்டில் போனேன். வெட்டிய கட்டைகள் வரிசையாக நின்றன. நடுவே ஒன்றுமில்லை. வரப்பு ஓரத்துக்குப் போனோம். அங்கே கிழவனாக நிற்கும் ஒரு புளிய மரமும் இரண்டு பனையும். அதன் அடியில் குனிந்து பார்த்தால் வேப்பங்கன்று பதினேழு எண்ணினேன். உசிலங்கன்று நாலைந்து. ஒரு இலந்தை. பனையின் இடுக்கில் ஓர் அத்தி. ஓடை ஓரத்தில் புங்கன் தானாக வந்திருந்தது. "இதுகளை வருஷா வருஷம் டிராக்டர்காரன் உழுது தள்ளிடுவான் பெரியப்பா" என்றான். பழனி மலையில் குக்குறுவான் செய்ததை இங்கே காக்காயும் மைனாவும் செய்துகொண்டிருந்தன, நாம்தான் வருடா வருடம் அழித்துக்கொண்டிருந்தோம்.

உட்கார்ந்து பேசினோம். பணம் வேண்டும் என்பது நியாயம். அதனால் மேட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தைலத்தை இன்னொரு சுற்றுக்கு விட்டுவிடுவது. ஓடையை ஒட்டிய முக்கால் ஏக்கரில் கட்டையைப் பிடுங்கிவிட்டுப் புங்கன், நாவல், மருது. மருதுக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் ஓடைக் கரையை விட்டு மேலே போகக்கூடாது. நடுவில் இருப்பதில் வேம்பு, வாகை, இலுப்பை. இலுப்பை வேண்டாம் என்றான், வளர எத்தனை வருடம் ஆகும் என்று. நாலு கன்று மட்டும் எனக்காக என்றேன், ஒப்புக்கொண்டான். மலைவேம்பு வைத்தால் ஆறு வருடத்தில் காசு என்று நர்சரிக்காரர் சொன்னாராம். வை, ஆனால் அதையும் ஒரே வரிசையாக வைத்துவிடாதே என்றேன். வரப்பு ஓரம் தானாக வந்ததை யாரும் தொடக்கூடாது. அங்கே ஆடு மேயாமல் இரண்டு வருடம் முள் போட்டு மறிக்க வேண்டும். அவன் பெண்சாதி ஆட்டுக்காக வருத்தப்பட்டாள். உசில் தழையும் வாகைத் தழையும் பிற்பாடு ஆட்டுக்குத்தான் என்று அவளிடம் சொன்னேன். "பிற்பாடுன்னா எப்போ மாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மூன்று வருடம் என்று சொல்லிவைத்தேன்.

ஆடி கடைசியில் ஒரு மழை பெய்தது. கட்டை பிடுங்க ஜேசிபிக்குச் சொல்லியிருந்தான். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "பெரியப்பா, பழைய சிவப்புத் துணி ஏதாவது இருக்கா?" என்றான். என் பழைய போர்வை ஒன்றைக் கொடுத்தேன். கிழித்துக் கொண்டுபோய், வரப்பு ஓரத்துக் கன்றுகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டினான், வண்டிக்காரன் கண்ணுக்குத் தெரியட்டும் என்று. மறுநாள் மதியம் போன் பண்ணி, வேப்பங்கன்றில் இரண்டு மட்டும் போச்சு, மற்றதெல்லாம் நிற்கிறது என்றான்.